முப்பத்தெட்டு நத்தைகள்

இதில் பாதிதான் சார் நான் நேரில் பார்த்தது. மீதி, செராக்ஸ் கடை குத்புதீன் பாய் சொன்னது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். அதனால் நான் கேட்டதைக் கேட்டதென்றும், பார்த்ததைப் பார்த்ததென்றும் பிரித்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு அதுதான் பழக்கம்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உங்கள் மடியில் இருக்கிற சார்ட்டைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. பெண்ணுக்கு ஸ்கூல் புராஜெக்டா? கடையில் வரைந்து வாங்கினீர்களா? தப்பில்லை சார், எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம்.

நான் விலங்கியல் படித்தேன். தமிழ் வழி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். அப்பாவுக்கு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற வேலை. கல்லூரியில் சேர்ந்த அன்று அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "கையெழுத்து வாங்குற எடத்துல வாயைத் தொறக்காத." மூன்று வருஷமும் அதைத்தான் கடைப்பிடித்தேன். அதனால்தான் என்னை வகுப்பு ரெப்பாகப் போட்டார்கள். ரெப் என்றால் பெரிய பதவியெல்லாம் இல்லை சார். நோட்டுகளைச் சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு போய் சார் மேஜையில் வைக்க வேண்டும், திருப்பி எடுத்து வர வேண்டும்.

ரெக்கார்டு நோட்டு தெரியும் இல்லையா? செய்முறைத் தேர்வுக்கு முன்னால் ஒப்படைக்கிற நோட்டு. இடது பக்கம் படம், வலது பக்கம் குறிப்பு. நிழல் போடக் கூடாது, புள்ளிதான் வைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் துறைத் தலைவர் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் தேர்வு எழுத விட மாட்டார்கள். படத்தை நாமேதான் வரைய வேண்டும் என்பது விதி. யாரும் வரைவதில்லை. பொங்கல் முடிந்ததும் கல்லூரி எதிரில் இருக்கிற பாய் கடைக்குப் போவோம். அங்கே ஒருவர் வரைந்து தருவார். அதுவரை வரைந்தவர் கைடு புத்தகத்துப் படத்தை டிரேஸ் எடுத்தே வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவர் சவுதி போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் பிலோமினா அக்கா வந்தார்.

அவர் கும்பகோணத்தில் ஓவியம் படித்தவர். ஐந்து வருஷப் படிப்பு. படித்துவிட்டுச் சும்மா வீட்டில் இருந்தார். சும்மா என்று நான் சொல்லவில்லை சார், அவருடைய அண்ணன் ஆரோக்கியம் சொல்வது. பாய் சொன்னார். அப்பாவுக்குப் பக்கவாதம். அண்ணன் திருச்சியில் கார் ஓட்டுகிறார். அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஆளுயரத் துணியில் வரைந்துகொண்டிருந்தாராம். என்ன படம் என்று பாயிடம் கேட்டேன்.

"வெறும் சேறு தம்பி," என்றார். "தண்ணி வடிஞ்ச வாய்க்கால். மனுசனும் இல்ல, மரமும் இல்ல. ஆனா அதைப் பாத்துட்டு வந்து ரெண்டு நாளைக்கு எனக்குக் காலை எங்க வெச்சாலும் வழுக்குற மாதிரியே இருந்துச்சு."

அதை யார் வாங்குவார்கள்? யாரும் வாங்கவில்லை.

அண்ணன் திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் அவருக்கு வேலை பேசி வைத்திருந்தார். அக்கா போக மாட்டேன் என்றார். கடைசியில் பாய் கடையில் வைத்தே இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பாய் சாட்சி.

"இந்த ரெக்கார்டு சீசன் ரெண்டு மாசந்தான். அதுல வர்றதை வெச்சு அப்பா மருந்தும் வீட்டுச் சாப்பாடும் அடுத்த தை வரைக்கும் ஓடுச்சுன்னா நீ பாட்டுக்கு ஒன் சேத்தை வரை. நான் கேக்க மாட்டேன். ஓடலைன்னா மறுபேச்சு இல்லாம வண்டியில ஏறிடணும்."

"ஓடும்," என்றாராம் அக்கா.

"ஒரு நோட்டுக்கு எத்தனை படம்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். எல்லாம் செத்த பிராணி. அசையாது. சீக்கிரம் போட்டுரலாம்."

இப்படித்தான் சார் அவர் பேசுவார். பல் தெரியச் சிரிக்க மாட்டார், ஆனால் நாம் சிரிக்கிற மாதிரி எதையாவது சொல்லிவிடுவார்.

எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டுப் பேரும் அவரிடம்தான் கொடுத்தோம். கொடுக்கப் போன அன்று அவர் ஒரு பழைய தாளை நீட்டினார். "பேரை எழுது. பக்கத்துல ஒரு வட்டம் போடு," என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"ஒங்க சார் பாக்குறப்ப நீ போட்ட மாதிரி இருக்கணுமா வேண்டாமா? முப்பத்தெட்டு நோட்டுலயும் என் கையே இருந்தா கண்டுபிடிச்சிட மாட்டாரா? பொய் சொல்றதா இருந்தா ஒழுங்காச் சொல்லணும் தம்பி."

வட்டத்தைப் பார்த்தே யார் கை எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கவுசல்யா என்று ஒரு பெண், அழுத்தி எழுதுவாள். அவள் நோட்டில் கோடெல்லாம் அடுத்த பக்கம் வரை பதிந்திருக்கும். இன்னொருவன் எல்லாவற்றையும் சாய்த்து எழுதுவான். அவனுடைய கரப்பான் பூச்சிகூடச் சாய்ந்துதான் இருந்தது. நான் வட்டம் போட்டதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மூன்று தடவை அழித்தேன்.

"முடிக்கிறதுக்கு முன்னாடியே அழிக்கிறியே," என்றார். "சரி வெச்சிட்டுப் போ. ஒங்கை பிடிபட்ருச்சு."

என் நோட்டில் படமெல்லாம் விட்டு விட்டுப் போகிற கோடாக இருந்தது. தொட்டுத் தொட்டு வரைந்தது மாதிரி. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அம்மாவிடம் காட்டியபோது, "நீ வரைஞ்சதாடா? ஒங்கை மாதிரியே இருக்கு," என்றார்கள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை சார். சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது நத்தைக்கு வருகிறேன்.

எங்கள் துறைத் தலைவர் வேதாசலம் சார் தானே ஒரு செய்முறைக் கைடு போட்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அதுதான். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். அதில் ஆப்பிள் நத்தை என்று ஒரு படம். நம் வயலிலும் வாய்க்காலிலும் கிடக்குமே, உருண்டையாக, அந்த நத்தைதான். கைடில் அதன் ஓட்டுக்கு வாய் இடது பக்கம் இருந்தது. அக்கா அதைப் பார்த்த உடனே பாயிடம் சொல்லியிருக்கிறார்.

"பாய், இந்த நத்தை தப்பா இருக்கு. கூர்ப் பக்கத்தை மேல வெச்சு, வாய் நம்மளைப் பாக்குற மாதிரி பிடிச்சா, வாய் வலது பக்கம்தான் வரும். எல்லா நத்தைக்கும் அப்படித்தான். எங்கம்மா ஆய்ஞ்ச நத்தைக்குக் கணக்கே கிடையாது. ஒண்ணுகூட இப்படி இருந்ததில்ல."

பாய்க்கு உடனே புரிந்துவிட்டது. "அச்சுல பிலிமைத் திருப்பி வெச்சிருப்பானுவ. படம் கண்ணாடியில பாக்குற மாதிரி ஆயிடுச்சு. இருந்துட்டுப் போவுது பாப்பா. அவரு புத்தகம், அவரு நத்தை. அப்படியே போட்டு விடு."

அக்கா கேட்கவில்லை. மறுநாள் குளத்திலிருந்து ஒரு நத்தையை எவர்சில்வர் தம்ளரில் தண்ணீரோடு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அது மெதுவாக வெளியே வந்து உணர்கொம்பை நீட்டியதும் வரைய ஆரம்பித்தார். பாய்க்குப் பயம், மிஷின் மேல் ஏறிவிடுமோ என்று. இரண்டு தடவை ஏறியதாம்.

இதுதான் எனக்குப் புரியவே இல்லை சார். இன்றைக்கும் புரியவில்லை. அடுத்தவர் பேரில், அடுத்தவர் கை மாதிரியே, கோணலாகக்கூட வரைகிறார். அதெல்லாம் பொய் இல்லையாம். நத்தைக்கு வாய் எந்தப் பக்கம் என்பதில் மட்டும் பொய் கூடாதாம். இரண்டுமே பொய்தானே? நான் இதை அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறது.

"நீ என்னை ஏமாத்தலாம், நான் ஒங்க சாரை ஏமாத்தலாம். அது நமக்குள்ள. நத்தை என்ன பண்ணிச்சு?"

பிப்ரவரி மூன்றாவது வாரம் ஒப்படைத்தோம். நான்தான் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் கழித்து சார் என்னைக் கூப்பிட்டார். முப்பத்தெட்டு நோட்டிலும் நத்தைப் படத்தின் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு.

"முப்பத்தெட்டு பேருக்கும் எப்படிய்யா ஒரே தப்பு வரும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் கத்துகிற ஆள் கிடையாது. மே மாதம் ஓய்வு பெறப் போகிறவர், அலுத்துப் போன மாதிரி கேட்டார். "கைடு இருக்குல்ல? அதைப் பாத்துப் போடறதுக்குக்கூட வலிக்குதா? எவன் போட்டுக் குடுத்தான் இதை?"

நான் உண்மையைச் சொன்னேன். பாய் கடை, பிலோமினா அக்கா, கும்பகோணத்தில் படித்தவர், எல்லாம் சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும் சார்? கேட்கிறார். பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

"திங்கட்கிழமைக்குள்ள எல்லா நத்தையும் மாறி வரணும். இல்லன்னா கையெழுத்து கிடையாது," என்றார்.

சாயங்காலம் எல்லோரும் கடைக்குப் போனோம். சத்தமான சத்தம். நான் அதிகம் பேசவில்லை. கவுசல்யாதான் கேட்டாள். "அக்கா, நாங்க ஒங்ககிட்ட நத்தை கேட்டமா, படம் கேட்டமா?"

அக்கா தம்ளரை எடுத்து நீட்டினார். "நீயே பாரு. வாய் எங்க இருக்கு?"

"எங்க இருந்தா என்னக்கா? மார்க்கு அவர்கிட்டல்ல இருக்கு!"

பின்னால் இருந்து ஒருவன், "அதை எச்.ஓ.டி. சார்கிட்டக் காட்டுங்கக்கா, மொளகு போட்டு வறுத்துச் சாப்பிடுவாரு," என்றான். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கொடு என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. ஒப்பந்தம் இருக்கிறதே. திருப்பிக் கொடுத்தால் வருஷம் முழுக்கப் போச்சு. மறுநாளே திருச்சி வண்டி.

"நாளைக்கு நான் போயி ஒங்க சாரைப் பாக்குறேன்," என்றார்.

மறுநாள் வந்தார். கையில் தம்ளர், மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. அந்த நேரத்தில் நான் சார் அறையில்தான் இருந்தேன், வருகைப் பதிவேடு கொண்டு போயிருந்தேன். அதனால் இதை நான் பார்த்தேன். இது பாய் சொன்னதில்லை.

அக்கா தட்டை எடுத்துவிட்டு நத்தையை சார் மேஜைமேல் வைத்தார். ஈரம் பட்டு வட்டமாகக் கறை ஆனது. சார் அதை ஒரு காகிதத்தால் துடைத்தார்.

"சார், கைடுல படம் திரும்பிப் போயிருக்கு. அச்சுல நடந்தது. ஒங்க தப்பு இல்ல," என்றார் அக்கா. மரியாதையாகத்தான் பேசினார்.

சார் நத்தையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு, "ஒரு நத்தை மாறிப் பொறந்திருக்கலாம்மா," என்றார்.

"எல்லாம் அப்படித்தான் சார் இருக்கும். அந்தா, ஒங்க அலமாரியிலயே பாட்டில்ல ஒண்ணு இருக்கே."

இருந்தது சார். ஸ்பிரிட்டில் போட்டு வைத்த நத்தை, பழைய பாட்டில். சார் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ராஜபிரபு, எடுத்துப் பாத்து சொல்லு. எந்தப் பக்கம் இருக்கு?"

நான் எடுத்தேன். ஸ்பிரிட் மஞ்சளாக மங்கிக் கிடந்தது. முன்பக்கம் பெயர்ச்சீட்டு வேறு ஒட்டியிருந்தது. பாட்டிலைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ. ஆனால் பெரியவர்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது. "சரியாத் தெரியல சார்," என்றேன். அது பொய் இல்லை. சரியாகத் தெரியவில்லைதான்.

அக்கா என்னைப் பார்த்தார்.

சார்தான் பேசினார். "இங்க பாரும்மா. வெளியிலேர்ந்து தேர்வு நடத்த ஆள் வருவாரு. அவரு கைடையும் நோட்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பாரு. நத்தையை யாரும் கொண்டுவரப் போறதில்ல. புள்ளைங்க மார்க்கு போயிரும். ஒனக்கு ஒன் வேலை, எனக்கு என் வேலை."

அக்கா நத்தையைத் தம்ளரில் போட்டார். தட்டை மூடினார்.

"இடது பக்கம் பாத்த மாதிரி இருக்கணும். அவ்வளவுதானே சார் வேணும்?"

"அவ்வளவுதான்."

"போட்டுத் தர்றேன்."

அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள். இறங்கி வந்துவிட்டாரே என்று. எல்லோரும் ஒரு கட்டத்தில் இறங்கித்தானே சார் வர வேண்டியிருக்கிறது. நான் இதைப் பல பேரிடம் உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். ஓவியம் படித்தவர், பிடிவாதக்காரர், அவரே வயிற்றுக்காக இறங்கி வந்தார், நமக்கென்ன என்று.

நாலு நாளில் எல்லாவற்றையும் முடித்தார். பழைய பக்கத்தைப் பக்குவமாக வெட்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் புதுத் தாள் வைத்து ஒட்டி, அதே கைகளில். பாய் சொன்னார், அந்த நாலு நாளும் அவர் தலையை நிமிர்த்தவே இல்லையாம். டீ ஆறிப்போய்க் கிடக்குமாம். நத்தை மட்டும் மேஜைமேல் இருந்ததாம். அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். தப்பாகப் போடுவதற்கு எதற்கு நத்தை என்று பாய் நினைத்தாராம். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளை வாங்கப் போனேன். முப்பத்தேழுதான் கட்டியிருந்தது. என் நோட்டு தனியாக இருந்தது. நத்தைப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"அக்கா, என்னுது?"

"ஒங்கை எனக்கு வரல," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். "நீயே போட்டுக்க."

பாவம், களைத்துப் போயிருந்தார். நாலு நாளில் முப்பத்தேழு என்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். என் பேர்தான் கடைசியில் அகப்பட்டிருக்கிறது. வேறு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாய் மட்டும், "நீ சார்கிட்டப் பேரைச் சொன்னது அதுக்குத் தெரியும் தம்பி. சாரே கடைக்குப் போன் போட்டுச் சொன்னாரு, எங்க ரெப்தான் சொன்னான்னு," என்றார். சார் என் பேரைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எப்படியும் நான் பேரைத்தானே சொன்னேன், குறையாக ஒன்றும் சொல்லவில்லையே.

அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து கைடைப் பார்த்து நானே வரைந்தேன். பல தடவை அழித்து, தாள் ஒரு இடத்தில் மெலிந்தே போய்விட்டது. திங்கட்கிழமை சார் முப்பத்தெட்டையும் புரட்டினார். நத்தை இடது பக்கம் பார்க்கிறதா என்று பார்த்தார், கையெழுத்துப் போட்டார். என்னுடையதில் மட்டும் 'நன்று' என்று எழுதினார். முழு மதிப்பெண்.

இந்த நோட்டுதான் சார் அது. பையிலேயே வைத்திருக்கிறேன். தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் நேர்காணலுக்குப் போகிறேன். சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டாகிவிட்டது. இதையும் கேட்டாலும் கேட்பார்கள் என்று எடுத்து வந்தேன். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது, படம் வரையத் தெரியுமா என்று. 'ஓரளவு' என்று போட்டிருக்கிறேன். அது சரிதானே?

அந்த வருஷம் அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒப்பந்தப்படி அண்ணன் வாயைத் திறக்கவில்லை. கொட்டகையில் சேற்றுப் படத்தில் இன்னும் ஒரு முழம் ஏறியது என்றார் பாய். ஆனால் சார் ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஓர் அறிவிப்புப் போட்டுவிட்டுப் போனார். இனி ரெக்கார்டை ஆய்வகத்திலேயே உட்கார்ந்து வரைய வேண்டும், அந்தக் கடைப் பக்கம் யாரைப் பார்த்தாலும் கையெழுத்து இல்லை என்று. கடையின் பேரே போட்டிருந்தது. அடுத்த தை மாதம் அக்கா கடையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. மாசி பிறந்ததும் அண்ணன் கார் வந்தது.

இப்போது திருச்சியில் புடவைப் பிரிவில் நிற்கிறாராம். ஏசி கடை. உட்காரக் கூடாதாம், அது ஒன்றுதான். ஆனாலும் மாதச் சம்பளம். நல்ல வேலைதான் என்று நினைக்கிறேன். வரைகிறாரா என்று பாயிடம் கேட்டேன். பாய் மிஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் சான்றிதழ் நகல் எடுக்கப் போனபோதுதான் அது. நான் வழக்கம்போல, அக்காவே கடைசியில் இறங்கி வந்தார் இல்லையா பாய் என்றேன். பாய் துணியைக் கீழே வைத்தார்.

"யாரு சொன்னா? அந்தப் புள்ள கடைசி வரைக்கும் தப்பா ஒரு நத்தை போடல. போயி நல்லாப் பாரு."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டது எப்படி அப்புறம்? பாய் கூட்டிச் சொல்கிற ஆள் என்றுதான் சொன்னேனே. கேட்டதை அப்படியே நம்புகிறவன் இல்லை நான். சரிபார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஓர் அம்மா கூறு போட்டு நத்தை விற்றுக்கொண்டிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, கூர்ப் பக்கத்தை மேலே வைத்து, வாயை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"வாங்குறியா, இல்ல ஜோசியம் பாக்குறியா?" என்று கேட்டது அந்த அம்மா.

ஒரு கூறு வாங்கிக்கொண்டேன். இருபத்தாறு நத்தை. இருபத்தாறுக்கும் வாய் வலது பக்கம்.

பிறகு கவுசல்யா வீட்டுக்குப் போய் அவள் நோட்டை வாங்கினேன். நத்தை இடது பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாய் பொய்தான் சொல்கிறார் என்று மூடப் போனேன். கையில் ஒரு நத்தை இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டுச் சும்மா அதைத் திருப்பினேன், முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி. வாய் அந்தப் பக்கம் போய் மறைந்துவிட்டது. வலது பக்கம் புடைத்துக்கொண்டிருந்த ஓரம் இடது பக்கம் வந்துவிட்டது. படத்தில் இருந்தது அதுதான். ஓட்டின் வரிகூட ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது.

ஒன்றைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று மற்றவர்களிடமும் கேட்டேன். பலர் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள். பதினோரு நோட்டுகள் கிடைத்தன. பதினொன்றிலும் நத்தை முதுகைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. பாகங்களின் பெயர்களை எழுதியது நாங்கள். கைடைப் பார்த்து 'ஓட்டின் வாய்' என்று எழுதி, எல்லோரும் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு இழுத்திருக்கிறோம். கோடு போய் முட்டுகிற இடத்தில் வாய் இல்லை.

என்னுடையதில் இருக்கிறது, இதோ பாருங்கள். இடது பக்கம்.